‘ஃபோர் ட்வென்டி’க்குப் போர்ச்சுகீசியத்தில் என்ன?

 ராயகிரியில் நிகழும் இந்த அறக்கட்டளைப் பொழிவின் பொருள் அவையோருக்குப் பாதி தெரிந்ததே. ஆங்கிலத்தில் அயோக்கியரையும் குறும்பரையும் குறிக்கும் சொற்களைப் போர்ச்சுகீசியத்துக்கு எப்படிக் கொண்டுபோவது? அகராதியின் நேர்ச்சொல்லை வைத்து, அடிக்குறிப்பும் போட்டால் போதும் என்பது மொழிபெயர்ப்புத் துறை நண்பர்கள் பலரின் நெடுநாள் கட்சி. யார், யாரை, எந்தக் குரலில் ஏசுகிறார் என்று பார்க்காமல் சொல் தேடக் கூடாது என்பது உரையாளரின் கட்சி.

ஏமாற்றுப் பேர்வழியை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தின் ‘கான்மேன்’ 1849-இல் நியூயார்க்கில் பிடிபட்ட வில்லியம் தாம்சனால் பரவிய சொல். முன்பின் தெரியாதவர்களிடம் நயமாகப் பேசி, தம்மை நம்பி நாளை வரை கைக்கடியாரத்தைத் தர முடியுமா என்று கேட்டு வாங்கிக்கொண்டு நடையைக் கட்டியவர் அவர். நம்பிக்கையைக் குறிக்கும் ‘கான்ஃபிடன்ஸ்’ என்ற சொல்லே மோசடிக்காரனுக்குப் பெயராயிற்று. போர்ச்சுகீசியத்தில் அவன் ‘விகாரிஸ்தா’. ‘விகாரியு’ என்றால் பங்குச் சாமியார். ‘பங்குச் சாமியார் கதை’ என்பது அங்கே ஏமாற்றுப் புளுகுக்குப் பெயர். நேர்ச்சொல் கிடைத்துவிட்டது, வேலை முடிந்தது என்பார்கள் நண்பர்கள்.

முடியவில்லை.

சீட்டுப் பணத்தைச் சுருட்டியவனை இவ்வூர் டீக்கடையில் மோசடிக்காரன் என்றா சொல்வார்கள்? “அவன் சரியான ஃபோர் ட்வென்டில்லா” என்பார்கள். 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றிப் பொருள் பறிப்பது 420-ஆம் பிரிவு. 1955-இல் ராஜ் கபூர் தம் படத்துக்கே அந்த எண்ணைச் சூட்டினார். 2024 ஜூலை 1 முதல் அக்குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4). பழைய எண்ணோ இன்னும் நாக்கை விட்டு இறங்கவில்லை. பிரேசிலிலும் இதே கதைதான். அந்நாட்டின் 1940-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் மோசடி 171-ஆம் பிரிவு. தெருவில் எத்தனுக்குப் பெயர் ‘உம் செச்சி உம்’, ஒன்று-ஏழு-ஒன்று. நைஜீரியாவில் 419. சென்னைத் தரகர் ஒருவர் ஆங்கில நாவலில் இன்னொருவரை ‘420’ என்று ஏசினால், பிரேசில் பதிப்பில் 171 போடலாம். காவல் நிலையப் பதிவேட்டிலிருந்து தெருவுக்கு வந்த நையாண்டி அதில் தப்பிப் பிழைக்கும். விகாரிஸ்தாவில் அது போய்விடும். லிஸ்பன் பதிப்பில் 171 செல்லாது. போர்ச்சுகல் சட்டத்தில் மோசடி 217.

குறும்புக்கும் இப்படியே. ஹாரி பாட்டர் கதையில் வரும் மாய வரைபடத்தின் பெயரில் உள்ள ஆங்கிலச் சொல்லுக்குக் கொள்ளையன் என்று பொருள். போர்ச்சுகலில் அதை வழிப்பறிக்காரன் என்றே பெயர்த்தார்கள். பிரேசிலின் லியா வைலர் ‘மரோட்டு’ என்றார். பேரனைக் “களவாணிப் பயலே” என்று கொஞ்சும் ஆச்சியின் குரல் அதில் உண்டு.

நேரம் இல்லை; இனிச் செய்ய வேண்டியவற்றை மட்டும் சொல்லலாம். 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சாவின் தமிழ்–போர்ச்சுகீசிய அகராதி, தனிநாயகம் அடிகள் வத்திக்கானில் கண்டெடுத்து 1966-இல் வெளிவரச் செய்தது, ஏச்சுச் சொற்களுக்காகத் தனியே படிக்கப்பட வேண்டும். ‘கேடி’, ‘பேமானி’, ‘படவா’ ஆகியவற்றின் பயணத்தையும் எழுத வேண்டும். முத்துக்குளித்துறை ஊர்களின் வசைச் சொற்களை, பெரியவர்கள் இருக்கும்போதே, யாராவது ஒலிப்பதிவு செய்தால் நல்லது.