பந்து சோறு போடுமா?

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியே மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில், தமிழகத்தின் எல்லை முடிந்து கன்னட நாடு தொடங்கும் இடத்தில், பாலாறு என்றொரு சிற்றாறு காவிரியில் கலக்கிறது. வேலூரை ஒட்டி மணலாய்க் கிடக்கும் பாலாற்றுக்கும் இதற்கும் பெயரொற்றுமையன்றி வேறு உறவு இல்லை. 1997 வரை மைசூர் மாவட்டத்தில் அடங்கியிருந்து, பின்னர் சாமராசநகர் மாவட்டமாகப் பிரிந்த பகுதி இது. ஆற்றுக்கு எல்லையுண்டு; அதன் இரு கரைகளிலும் வழங்கும் தமிழுக்கு எல்லையில்லை.

அந்தப் பக்கம் நாம் சென்றிருந்த ஒரு மாலைப் பொழுதில், இரண்டு கம்பங்களுக்கிடையே வலை கட்டிச் சிறுவர் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்தனர். அவர்களோடு ஒரு சிறுமியும் ஆடினாள். வலை ஆடவர்க்குரிய 243 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. மகளிர்க்கு 224 போதும். அந்த வேற்றுமையை அவளிடம் எவரும் சொல்லவில்லை போலும். தாவித் தாவி அடித்துக்கொண்டிருந்தாள். ஓரமாக நின்ற அவளுடைய தகப்பனார் நம்மைக் கேட்டார்: "ஐயா, இந்தப் பந்து நாளைக்குச் சோறு போடுங்களா?"

நேயர்களே, பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர் கேட்கும் கேள்வி அது. அதற்கு விடை சொல்லாமல் விளையாட்டின் பெருமையை மட்டும் பேசிவிட்டுப் போவது முறையன்று.

கைப்பந்தாட்டம் 1895ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் வில்லியம் மார்கன் என்பவர் வகுத்தது. கூடைப்பந்தின் வேகத்தைத் தாங்கமாட்டாத நடுவயதினர் மூச்சு வாங்காமல் ஆடட்டும் என்பது அவர் கருத்து. இன்றைய ஆட்டத்தைக் கண்டால் அவர் என்ன சொல்வாரோ! 1962இல் ஆசிய விளையாட்டு விழாவிலும், 1964இல் ஒலிம்பிக்கிலும் மகளிர் கைப்பந்து இடம்பெற்றது.

அந்த 1964ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஜப்பானிய மகளிர் அணியில் பெரும்பாலோர் ஒசாக்காவை அடுத்த கைசுகா என்னும் ஊரின் நூற்பாலையில் வேலை பார்த்த பெண்கள். பகலில் அலுவலகப் பணி. பிற்பகல் தொடங்கிய பயிற்சி நள்ளிரவு வரை நீளும். பயிற்சியாளர் தைமட்சு, போர்முனை கண்ட மனிதர். தரையில் விழுந்து உருண்டு பந்தை எடுத்து, அதே உருளலில் எழுந்து நிற்கும் முறையை அப்பெண்களுக்கு இடைவிடாது புகட்டினார். அக்டோபர் 23 அன்று நடந்த இறுதிப் போட்டியில் சோவியத் அணியை 15–11, 15–8, 15–13 என்று வென்றார்கள். தலைவி மசாயே கசாய்க்கு அப்போது வயது முப்பத்தொன்று. 1962இல் உலகப் பட்டம் வென்றதோடு ஆட்டத்தை விட்டு மணம்செய்துகொள்ள எண்ணியிருந்தவர், நாட்டு மக்களின் வேண்டுகோளுக்காக இரண்டாண்டு தள்ளிப்போட்டார். மறு ஆண்டு அவருக்கு மணமகனைக் காட்டிக்கொடுத்தவர் நாட்டின் பிரதமரே! அவர்களுக்குச் சோறு போட்டது பந்தா, ஆலையா என்று கேட்டால், ஆலைதான். அந்த ஆலை வேலையைக் கொடுத்தது பந்து.

பந்தே நேராகச் சோறு போட்ட காலம் பிறகு வந்தது. தென்கொரியாவின் கிம் யோன்-கோங் 2005இல் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் அணியில் தொழில்முறை ஆட்டக்காரியாகச் சேர்ந்தார். பின்னர் ஜப்பான், துருக்கி, சீனா என்று நாடு விட்டு நாடு சென்று ஆடினார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கொரியா நான்காம் இடத்தோடு நின்றது. ஆயினும் தொடரின் சிறந்த ஆட்டக்காரி என்ற விருது அவருக்கே கிடைத்தது. பள்ளிப் பருவத்தில் அவர் குட்டையாக இருந்தார் என்பதைப் பாலாற்றுச் சிறுமிக்குச் சொல்ல வேண்டும். வலையருகே நிற்க உயரம் போதாமையால், பந்தை வாங்குவதையும் எடுத்துக் கொடுப்பதையும் கற்றார். பின்பு 192 சென்டிமீட்டர் வரை வளர்ந்தபோது அந்தப் பழைய பயிற்சி வீண்போகவில்லை.

நம் நாட்டில் அத்தகைய பாதை ஆடவர்க்கே முதலில் திறந்தது. கண்ணூர் மாவட்டம் பேராவூரில் பிறந்த ஜிம்மி ஜார்ஜ் கேரளக் காவல்துறையில் இருந்து, 1979இல் அபுதாபிக்கும் 1982இல் இத்தாலிக்கும் சென்று ஆடினார். 1987இல் அங்கேயே கார் விபத்தில் மாண்டார். 2019இல் கொச்சியிலும் சென்னையிலும் நடந்த தொழில்முறைப் போட்டியும், 2022இல் தொடங்கிய மற்றொன்றும் ஆடவர்க்கானவையே. கே. சி. ஏலம்மா 1975இலும், சாலி ஜோசப் 1984இலும் அர்ஜுனா விருது பெற்றனர். விருது வந்தது, ஏலம் கூவி ஆட்டக்காரரை எடுக்கும் சந்தை பெண்களுக்கு வரவில்லை. இது குறைதான், அதை மறைப்பதற்கில்லை.

ஆகவே நம் பெண்களுக்கு வழி, கைசுகா ஆலையின் வழிதான். ரெயில்வேயும் காவல்துறையும் மின்வாரியமும் ஆட்டக்காரிகளை வேலையில் அமர்த்துகின்றன. தேசியப் போட்டியில் ரெயில்வே, மாநிலங்களைப் போலவே தனி அணியாக இறங்குகிறது. அயல் மாநிலத்தில் வளரும் நம் பெண்ணுக்கு இதில் ஒரு வசதி உண்டு. அவள் எந்த மாநிலத்துக்காரி என்ற வழக்கு அங்கே எழுவதில்லை. அந்த அணிக்கு எல்லை தண்டவாளம் போகும் தொலைவு.

மத்திய அரசின் கீழ்நிலைப் பணியிடங்களில் நேரடியாக நிரப்புவனவற்றுள் நூற்றுக்கு ஐந்து வரை விளையாட்டு வீரர்க்குக் கொடுக்க இடமுண்டு. வயது வரம்பிலும் தளர்வு உண்டு. ஆனால் திறமை மட்டும் போதாது, காகிதமும் வேண்டும். நாட்டுக்காக ஆடியவர், மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவர், பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர், மாநிலப் பள்ளி அணியில் ஆடியவர் என நான்கு வகைக்கும் தனித்தனிச் சான்றிதழ்ப் படிவம் உண்டு. இவற்றுள் பள்ளிப் படிவமே நம்மவர் கைக்கு எட்டும் முதற்படி. அந்தப் படியில் ஏறுவதற்கு வயதுச் சான்று வேண்டும். பிள்ளை பிறந்தது தாய்வீட்டில், படிப்பது வேறு மாநிலத்தில், பள்ளியில் எழுதிய தேதி ஒன்று, பிறப்புப் பதிவில் உள்ளது வேறொன்று என்றிருந்தால், பதினான்கு வயதுக்குட்பட்டோர் ஆட்டத்திலேயே கதவு சாத்தப்படும். இடம்பெயர்ந்த குடும்பங்களில் இந்தத் தொல்லை மிகுதி.

இதையெல்லாம் அத்தகப்பனாரிடம் சொன்னோம். எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்றார். சிலருக்கே என்றோம். கிடைக்காவிட்டால்? படிப்பை விடாமல் இருந்தால் படிப்பு இருக்கும் என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், மகள் பிறந்தது மேட்டூர் அரசு மருத்துவமனையில் என்றும், சம்பளம் வந்ததும் அங்கே போய்ப் பிறப்புச் சான்றிதழ் கேட்டுப் பார்ப்பதாகவும் சொன்னார். இதற்குள் இருட்டிவிட்டது. சிறுவர்கள் வலையை அவிழ்க்கத் தொடங்கினர். நாளைக்குக் கட்டும்போது ஒரு சாண் தாழ்த்திக் கட்டுமாறு அவர்களிடம் கேட்டுக்கொண்டு, மேட்டூர்ப் பேருந்தில் ஏறினோம்.