கரணை பிடித்தவர்களின் போர்ட் லூயிஸ்

திண்ணனூர் நாட்டிலும் கொல்லிமலையின் மற்ற நாடுகளிலும் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு முதலில் ஒரு செய்தி. மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் மொரீஷியஸ் என்று ஒரு தீவு. அங்குள்ள மிக உயர்ந்த சிகரமே 828 மீட்டர்தான். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் நம் மலையின் மேல்பரப்பு ஆயிரம் மீட்டரைத் தாண்டிவிடும். அவ்வளவு சின்ன மலைகளின் அடியில், கடலை ஒட்டி இருக்கிறது அந்த ஆப்பிரிக்க நாட்டின் தலைநகரம், போர்ட் லூயிஸ்.

1735இல் மஹே தெ லா பூர்தொனே என்ற பிரெஞ்சு ஆளுநர் வந்து இறங்கியபோது அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. துறைமுகம், கிடங்கு, மருத்துவமனை, கோட்டை எல்லாமே கட்டியாக வேண்டும். எரிமலைத் தீவு என்பதால் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. வேலை தெரிந்த ஆள்தான் இல்லை. புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. அங்கிருந்து கொத்தனார், தச்சர் என்று தமிழ்க் கைவினைஞர்களைக் கப்பலில் வரவழைத்தார். கடல் கடந்த தமிழர் என்றாலே கரும்புத் தோட்டமும் கங்காணியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அதற்கு நூறு வருஷம் முன்பே கரணையும் தூக்குக்குண்டும் எடுத்துக்கொண்டு போய் ஒரு தலைநகருக்குச் சுவர் எழுப்பியவர்களை நாம் பேசுவதே இல்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பிடித்து வரப்பட்ட அடிமைகளின் ரத்தமும் அதே சுவர்களில் இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

1810இல் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1835இல் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புக்கு ஆள் வேண்டுமே! அந்த ஒழிப்புக்குச் சற்று முன்பே, 1834 நவம்பர் 2ஆம் தேதி, ‘அட்லஸ்’ என்ற கப்பலில் 36 பேர் போர்ட் லூயிஸில் வந்து இறங்கினார்கள். கல்கத்தாவில் கப்பலேறிய இவர்கள் யார் தெரியுமா? சோட்டா நாக்பூர் மலைப்பகுதிப் பழங்குடிகள். மலைக் கூலிகள் என்றே அக்காலப் பதிவுகள் அவர்களைக் குறிக்கின்றன. மலையில் பிறந்து கடலையே பார்த்திராதவர்கள், வாரக்கணக்கில் கப்பலில் கிடந்து, பாஷை புரியாத ஊரில் கால் வைத்த அந்த நாளை நம் மலைக்காரர்கள் எளிதில் உணர முடியும்.

1920 வரை ஏறக்குறைய நாலரை லட்சம் பேர் இப்படி ஒப்பந்தத்தில் வந்தார்கள். சென்னையிலிருந்து கப்பலேறிய தமிழர்களும் அதில் ஏராளம். துறைமுகத்து ஓரத்தில் அவர்கள் ஏறிய 16 கல்படிகள் இன்னும் இருக்கின்றன. ஏறியவர்களைத் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பும் முன் அங்கேயே இரண்டு நாள் தங்கவைப்பார்கள். ஆப்ரவாசி காட் என்னும் அந்த வளாகத்தில் சமையற்கட்டு, கழிவறை, மருத்துவப் பகுதி ஆகியவற்றின் மிச்சங்களைப் பார்க்கலாம். 2006இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

1867இல் மலேரியா வந்து ஊரைச் சூறையாடியது. வசதியுள்ளவர்கள் தப்பித்து, மேட்டு நிலத்துக் கியூர்பிப் போன்ற ஊர்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். இன்றும் பலர் மேட்டில் குடியிருந்து, காலையில் வேலைக்குத் தலைநகருக்கு இறங்குகிறார்கள். அவர்கள் போய்வரும் மெட்ரோ ரயில் பாதையைப் போட்டதும் இந்தியாவின் எல் அண்ட் டி நிறுவனம்தான்.

நகரில் குடியிருப்பவர்கள் ஒன்றரை லட்சம் பேர் இருக்கலாம். சந்தைப் பக்கம் போனால் நம் பருப்பு வடையைச் சுடச்சுட எண்ணெயிலிருந்து எடுத்து, வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்துக் கொடுப்பார்கள். அந்த வடைக்கு அங்கே காத்தோ பிமா என்று பெயர். தைப்பூசம் நாடு முழுவதற்கும் அரசு விடுமுறை.

மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ், அதற்கு அடுத்து இந்தி என்பது வழக்கம். 1998இல் வந்த புது நோட்டுகளில் தமிழைக் கீழே தள்ளி இந்தியை மேலே அச்சடித்துவிட்டார்கள். இந்தத் தீவுக்கு முன்னால் வந்தவர்கள் நாங்கள் என்று தமிழர்கள் எதிர்த்து நின்றார்கள். நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசைப்படியே மறுபடி அச்சடித்து வெளியிட்டார்கள்.