கிண்டியில் பயின்ற லலிதா

தன்னம்பிக்கை என்பது சிலருக்கே பிறவியில் வாய்க்கும் வரம் என்றும், அது வாய்க்காதவர் பெரிய உத்தியோகங்களை நாடலாகாது என்றும் எண்ணிப் பின்வாங்கும் சகோதரிகளுக்கு, இந்தியாவின் முதல் பெண் பொறியியலாளர்களுள் ஒருவரான அ. லலிதாவின் சரித்திரம் தக்க விடையாகும்.

1919-இல் சென்னையில் பிறந்து, பதினைந்தாம் பிராயத்தில் மணம் முடிந்து, பதினெட்டில் கைக்குழந்தையோடு கணவரை இழந்த அவர், விதியை நொந்து மூலையில் ஒடுங்கிவிடாமல், தம் தந்தையார் பேராசிரியராக விளங்கிய கிண்டிப் பொறியியல் கல்லூரியிலேயே சேர்ந்து, ஆண்களே நிறைந்திருந்த சூழலில் மின்பொறியியல் பயின்றார். 1943-இல் அவர் பட்டம் பெற்றபோது, சான்றிதழில் ஆண்பாலில் அச்சாகியிருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாலில் கையால் எழுத நேர்ந்தது.

ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி பெற்று, சிம்லாவில் பணியாற்றி, பின்னர் கல்கத்தாவில் மின்தடங்களையும் துணை மின்நிலையங்களையும் வடிவமைத்த அவர், பக்ரா நங்கல் திட்டத்துக்கான வேலையிலும் பங்கு கொண்டார். 1964-இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியியலாளர், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாட்டிலும் கலந்துகொண்டார்.

இத்தகைய தைரியம் ஒரே நாளில் உதிப்பதன்று; கற்ற வித்தையும் செய்து முடித்த காரியமும் நாளடைவில் அதனை வளர்க்கின்றன. தந்தையின் ஊக்கமும், குழந்தையைப் பேண முன்வந்த உற்றாரின் அன்பும் லலிதாவுக்குப் பக்கபலமாயின. ஆதலால், மேற்படிப்பையோ புதிய பணியையோ விரும்பும் பெண்கள் இன்றே விண்ணப்பிக்க வேண்டும். வீட்டார் அவர்களுக்கு அவகாசமும் ஆதரவும் தர வேண்டும்.