பறிபோகும் பெண்பிள்ளைகள்: நம் ஜமாஅத் என்ன செய்யப்போகிறது?

(ஆயக்குடியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

ஏழைப் பெண்பிள்ளைகளை ஏமாற்றிக் கொண்டுபோய் விபச்சாரத்தில் தள்ளும் கொடுமையைப் பற்றி மேடையில் பேச நமக்குக் கூச்சம். அந்தக் கூச்சம்தான் புரோக்கர்களின் மூலதனம்!

1990-ல் பம்பாய் விபச்சார விடுதிகளிலிருந்து எண்ணூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பெண்கள் மீட்கப்பட்டு, 'முக்தி எக்ஸ்பிரஸ்' என்ற தனி ரயிலில் தமிழகம் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பலருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது. எண்ணூறு பேர் போகும்வரை ஊர்கள் என்ன செய்துகொண்டிருந்தன?

'நம் சமுதாயத்தில் இது இல்லை' என்று தப்பிக்க முடியுமா? 1991-ல் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஏழை முஸ்லிம் சிறுமி ஒருத்தியை, சவூதி முதியவர் ஒருவர் நிக்காஹ் என்ற பெயரில் விமானத்தில் கூட்டிச் சென்றார். அவள் அழுவதைக் கண்டு விசாரித்தவர் ஒரு விமானப் பணிப்பெண். அதனால்தான் டெல்லியில் அவள் காப்பாற்றப்பட்டாள். விற்பனைக்குத் திரையாக நின்றது நிக்காஹ் என்ற புனிதமான சொல்!

மதீனாவில் நயவஞ்சகர் தலைவன் அப்துல்லாஹ் பின் உபை, அடிமைப் பெண்களைக் கட்டாயப்படுத்திக் காசு பார்த்தான். அதைத் தடுத்தே திருக்குர்ஆனின் 24:33 வசனம் இறங்கியது. நிர்ப்பந்திக்கப்பட்ட பெண்களுக்கு அல்லாஹ்வின் மன்னிப்பு உண்டென்றும் அவ்வசனம் அறிவிக்கிறது. அல்லாஹ் மன்னித்தவளை ஒதுக்கிவைக்க நாம் யார்?

நேபாளத்தில் 1993-ல் தொடங்கப்பட்ட 'மைதி நேபாள்' அமைப்பின் பெண்கள், இந்திய எல்லையில் நின்று சந்தேகத்திற்குரிய பயணங்களைத் தடுக்கிறார்கள். 'மைதி' என்றால் பிறந்த வீடு. ஒவ்வொரு ஜமாஅத்தும் அப்படியொரு பிறந்த வீடாக வேண்டாமா?

ஜமாஅத் நிர்வாகிகளே! வெளியூர் மாப்பிள்ளையின் ஊர் ஜமாஅத்தில் விசாரித்து, பெண்ணின் வயதுச் சான்றைப் பார்த்து, அவளுடைய சம்மதத்தை நேரில் கேட்ட பின்பே பதிவேட்டைத் திறவுங்கள். வேலைக்கு அழைத்துச் செல்பவரின் முகவரியையும் எழுதி வையுங்கள்.

வியாபாரிகளே! பழனி பஸ் நிலையத்திலும் கொடைக்கானல் சீசனிலும் புதுமுகங்களை முதலில் பார்ப்பவர்கள் நீங்கள்தான். மிரண்டு நிற்கும் சிறுமியைக் கண்டால் 1098-க்கும், பெண்களுக்கு ஆபத்தென்றால் 181-க்கும் போன் செய்யுங்கள். விபச்சாரத்திற்கென்று தெரிந்தே கட்டடத்தை வாடகைக்கு விடுபவரும் சட்டப்படி குற்றவாளியே. ஆள்கடத்தலுக்குக் குறைந்தது 7 ஆண்டு, சிறுமி என்றால் குறைந்தது 10 ஆண்டு சிறை. 'அவளே சம்மதித்தாள்' என்ற சாக்கு எடுபடாது.

இளைஞர்களே! 'வரதட்சணை வேண்டாம், கல்யாணச் செலவும் எங்களுடையது' என்பதுதான் புரோக்கர் வீசும் தூண்டில். ஏழைத் தகப்பன் அதில் ஏன் விழுகிறான்? நீங்கள் பைக்கும் பவுனும் கேட்பதால்! வரதட்சணை வாங்குபவன் புரோக்கருக்குப் பாதை போட்டுக் கொடுக்கிறான்.

வருகிற ஜும்ஆவுக்குள் உங்கள் மஹல்லாவில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். இரு பெண்கள் கட்டாயம் இருக்கட்டும். வெளியே சொல்ல முடியாததைப் பெண்கள் பெண்களிடம்தான் சொல்வார்கள். வயது வந்த பெண்பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பங்களைக் கணக்கெடுத்து, பைத்துல்மாலிலிருந்து அவர்களின் படிப்புக்கு உதவுங்கள்.

பறிபோன பின் அழுவதைவிட, போகும் வழியை அடைப்பதே அறிவுடைமை. அல்லாஹ் நமக்கு உதவி செய்வானாக! வஸ்ஸலாம்.