ஐந்தரைக் கட்டைக்கு ஏற்றிய தந்தி



கொலன்னாவையில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளை ஒருத்திக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இசை படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அவளுடைய வாத்தியம் வயலின். சேதி சொல்ல வந்த தாய் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கேட்டார்: "மாஸ்டர், இதைப் படிச்சால் ரீச்சர் வேலையாவது கிடைக்குமோ?" பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு மேடையில்தான் ஆசை.

அவள் போகப்போவது மருதனார்மடத்துக்கு, முன்பு இராமநாதன் நுண்கலைக் கழகமாக இருந்து இப்போது பல்கலைக்கழகப் பீடமாகிவிட்ட இடத்துக்கு. 1960 இல் சு. நடேசபிள்ளை தொடங்கிய இசைக் கல்லூரி அது. மகாராஜபுரம் சந்தானம் அங்கே அதிபராக இருந்திருக்கிறார். ஒரு காலத்தில் சங்கீதபூஷணம் பட்டத்துக்காக எங்களவர்கள் கடல் கடந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். இன்று வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறினால் விடிய யாழ்ப்பாணம். இது சின்ன வசதியல்ல.

ஆனால் மேடைக்குப் போக நினைக்கிற பிள்ளைக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பரீட்சையில் நீ பழகிய உருப்படியை, உனக்குப் பழகிய சுருதியில் வாசிப்பாய். கச்சேரியில் சுருதி பாடுகிறவருடையது. ஆண் பாடகர் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை என்பார். தந்தியைத் தளர்த்த வேண்டும். பெண் பாடகி ஐந்து, ஐந்தரை என்பார், ஏற்ற வேண்டும். அவர் எந்த ராகத்தை எடுப்பார், எந்த இடத்தில் நிரவலுக்கு நிற்பார் என்பதெல்லாம் அந்த நிமிடத்தில்தான் தெரியும். பாடுகிறவரின் மூச்சைப் பார்த்துப் பின்தொடரும் இந்தப் பழக்கம், பக்கத்தில் இருந்து வாசித்து வாசித்தே வரும்.

அரங்கேற்றமொன்றுக்கு நான் முதன்முதல் பக்கவாத்தியம் வாசித்தது வெள்ளவத்தையில். முதல்நாள்தான் ஒரு ஆண் பாடகருக்கு வாசித்திருந்தேன். அடுத்தநாள் ஐந்தரைக் கட்டை. பழைய தந்தியையே முறுக்கி ஏற்றினேன். வர்ணத்தின் முத்தாயி ஸ்வரத்தில் மேல்தந்தி அறுந்து கன்னத்தில் அடித்தது. மாற்றுத் தந்தி என்னிடம் இல்லை. மிருதங்கக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய கை மட்டும் நிற்கவில்லை. மிச்ச மூன்று தந்தியில், மேல் ஸ்வரங்களுக்கு விரலை நீட்டி நீட்டி வாசித்து முடித்தேன். அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் படித்ததை எந்த வகுப்பிலும் நான் படிக்கவில்லை.

அதனால் நான்கு வருடத்தையும் விரிவுரை மண்டபத்துக்குள் மட்டும் கழிக்காதே என்றேன். பீடத்துக்குப் பக்கத்து ஊர் இணுவில். தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் தகப்பன் விசுவலிங்கம் அந்த ஊர்க்காரர். கோயில் திருவிழாக்களில் போய் இருந்து கேள். சேர்ந்து படிக்கும் மிருதங்கப் பிள்ளைகளோடு பின்னேரங்களில் சாதகம் செய். லீவில் கொழும்புக்கு வந்தால் அரங்கேற்றம், பஜனை, எதற்குக் கூப்பிட்டாலும் போ; காசு பிறகு வரட்டும்.

தாயிடமும் மறைக்காமல் சொன்னேன்: கச்சேரியை மட்டும் நம்பி வீட்டு வாடகை கட்டுவது இந்த நாட்டில் கஷ்டம். கற்பிக்கவும் வேண்டிவரும். கற்பிக்கிற கை மேடையை விடக் கூடாது, அவ்வளவுதான்.

போன ஞாயிறு அவள் பயணம் சொல்ல வந்தாள். வயலின் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். ரோசின் கட்டி வைக்கும் சின்ன அறைக்குள் இரண்டு மேல்தந்திச் சுருள்களை வைத்து மூடினேன்.