வாளும் உறையும்



பழைய வாள்களைச் சேகரிப்போர் பல நாடுகளில் உண்டு. அவர்களுட் பெரும்பாலோர் முதலில் அலகைப் பார்ப்பர். பிறகு கைப்பிடியைப் பார்ப்பர். உறையைக் கடைசியாகப் பார்ப்பர், அல்லது பாராமலே விட்டுவிடுவர். தென் பிலிப்பைன்ஸின் மோரோ மக்களுடைய வாள்களைப் பொறுத்தவரை இப்பழக்கம் பெருங்கேடு விளைத்துள்ளது. அது எவ்வாறு என்பதை இன்று நாம் சற்று ஆராய்வோம்.

பிலிப்பைன்ஸின் தெற்கே மிண்டனாவோ என்னும் பெருந்தீவும், அதற்கு மேற்கே போர்னியோவை நோக்கி நீளும் சுலு தீவுக்கூட்டமும் உள்ளன. அங்கு வாழும் தவ்சுக், மரனாவ், மகின்டனாவ், யாக்கன் முதலிய முஸ்லிம் மக்களுக்கு 'மோரோ' என்று பெயரிட்டவர்கள் ஸ்பானியர். வட ஆப்பிரிக்க முஸ்லிம்களைச் சுட்ட வழங்கிய சொல்லையே அவர்கள் இம்மக்கள்மீதும் ஏற்றினர். வசையாக வந்த அப்பெயரைப் பின்னாளில் அம்மக்களே பெருமையுடன் ஏற்றுக்கொண்டனர். 2019-இல் அமைந்த தன்னாட்சிப் பகுதியின் பெயரில் 'பங்சமோரோ' என்னும் சொல் இடம்பெற்றிருப்பது இதற்குச் சான்று.

இவர்களுடைய வாள்களுள் மூன்று புகழ்பெற்றவை. முதலாவது கிரிஸ். இருபுறமும் கூருடையது, நேராகவோ, பாம்புபோல் நெளிந்தோ, பாதி நெளிந்து பாதி நேராகவோ இருக்கும். பிடியின் தலைப்பு கொண்டைக்கிளியின் வடிவை நினைவூட்டுவது. இரண்டாவது பாரோங். இலைபோல் நடுவில் அகன்று நுனியில் குவியும் ஒருபக்கக் கூர்வாள். சுலு தீவுகளுக்கே உரியது. மூன்றாவது கம்பிலான். ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ளது. நுனியை நோக்கி அகன்றுகொண்டே செல்வது. அதன் பிடி, வாய் பிளந்த விலங்கைப்போல் இரண்டாகப் பிரிந்திருக்கும்.

இனி உறைக்கு வருவோம். இரண்டு மெல்லிய மரப்பலகைகளைக் குடைந்து, ஒன்றோடொன்று பொருத்தி, பிரம்பு நாரால் வரிந்து கட்டுவது பொதுவான முறை. கிரிஸ் உறையின் வாயில் படகுபோன்ற அகன்ற குறுக்குக்கட்டை அமையும். பாரோங் உறைகள் பலவற்றின் நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும். கம்பிலானின் உறையோ பெரும்பாலும் வேலைப்பாடற்றது. தேவை நேர்ந்தால் உறையிலிருந்து உருவாமலே ஓங்கி வெட்ட, கட்டு அறுந்து பலகைகள் சிதறும் என்று சொல்வர்.

கிரிஸ், பாரோங் ஆகியவற்றின் சிறந்த உறைகளில் காணும் செதுக்குவேலைக்கு மரனாவ் மொழியில் 'ஓகிர்' என்றும், தவ்சுக் மொழியில் 'உக்கில்' என்றும் பெயர். சுருள் விரியாத பெரணித் தளிர், படர்கொடி, இலை ஆகியவை ஒன்றிலிருந்து ஒன்று பிறந்து ஓடுவன இக்கோலங்கள். உயிருள்ளவற்றை உள்ளவாறே செதுக்குவதை அவர்களுடைய சமயமரபு பொதுவாக விரும்புவதில்லை. ஆதலால் நாகம்கூட அங்கே கொடியாக உருமாறிவிடுகிறது. 'நாகம்' என்னும் அச்சொல் நம் நாட்டிலிருந்து கடல்கடந்து சென்றது என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

அலகு பலரிடம் கைமாறிச் செல்லக்கூடும். மகின்டனாவில் அடித்த அலகுக்குச் சுலுவில் பிடி பொருத்தியிருக்கலாம். எந்த மக்களிடம், எந்தக் கைவேலையில் அவ்வாள் இறுதியாக இருந்தது என்பதற்கு உறையின் கொடிக்கோலமே பெரும்பாலும் சாட்சி. உறையை இழந்த வாள், முகவரியை இழந்த கடிதம் போன்றது.

இவ்வாள்கள் அயல்நாடுகளுக்குச் சென்ற வழி துயரமானது. 1899-இல் அமெரிக்கர் அப்பகுதிக்கு வந்தனர். 1906-இல் புட் டாஹோ மலையிலும், 1913-இல் புட் பக்சாக் மலையிலும் நடந்த சண்டைகளில் பெண்டிரும் சிறுவரும் உட்பட நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். இடையே 1911-இல் மோரோ மாகாண ஆளுநர் ஜான் பெர்ஷிங், மக்கள் தம் படைக்கலங்களை ஒப்படைக்குமாறு ஆணையிட்டார். அவ்வாறு வாங்கியனவும், களத்தில் எடுத்தனவும், விலைக்குப் பெற்றனவும் போர்வீரர்களின் பெட்டிகளில் அமெரிக்கா சேர்ந்தன. அங்குள்ள தேசிய அரும்பொருட்காட்சியகத்தில் இருந்தவற்றை ஹெர்பர்ட் கிரீகர் 1926-இல் பட்டியலிட்டு நூலாக்கினார். 1996-இல் ராபர்ட் கேட்டோ இவ்வாள்களைப் பற்றியே தனிநூல் வெளியிட்டார்.

சேகரிப்போர் சில நெறிகளைக் கைக்கொள்ளுதல் நலம். உடைந்த உறையை எறிந்துவிட்டுப் புதியது செய்யலாகாது. தளர்ந்த பிரம்புக்கட்டை அவிழ்த்து மெருகெண்ணெய் பூசலாகாது. இரும்பைப் பல அடுக்காக அடித்துச் செய்த அலகில் மரவரிபோன்ற கோலம் தோன்றும். பளபளப்புக்காக உப்புத்தாளால் தேய்த்தால் அது மறைந்துபோகும். பழைய கிரிஸில் அலகின் அடிப்பகுதியாகிய 'கங்யா' தனித்துண்டாகப் பொருந்தியிருக்கும். பிற்காலத்தனவற்றுள் பலவற்றில் அவ்விடத்தில் வெறும் கோடு மட்டுமே கீறியிருப்பர். தந்தப்பிடியுள்ள வாளை நாடுவிட்டு நாடு கொண்டுசெல்வதற்குச் சட்டத்தடைகள் உண்டு. பிலிப்பைன்ஸிலிருந்து பண்பாட்டுச் செல்வங்களை வெளியே கொண்டுசெல்ல அந்நாட்டு அரசின் அனுமதி வேண்டும்.

எல்லாவற்றினும் முதன்மையான நெறி ஒன்றுண்டு. வாள் யாரிடமிருந்து, எவ்வூரிலிருந்து, எவ்வாண்டில் வந்தது என்பதை எழுதி அதனுடனேயே வைத்தல் வேண்டும். மரனாவ் குடும்பங்களில் இத்தகைய வாள் 'புசாக்கா', அதாவது வழிவழிச் சொத்து. அதைச் சுமந்து நிற்பது குடும்பத்தின் பெயர். 2017-இல் மராவி நகரில் ஐந்து மாதம் போர் நடந்தது. நகரின் நடுப்பகுதி இடிபாடாயிற்று. இலட்சக்கணக்கானோர் வீடிழந்து வெளியேறினர். அத்தகைய இடத்தில், நூறாண்டுக்கு முன் கடல்கடந்து சென்ற ஒரு வாளும் அதன் உறையும், குறிப்புச்சீட்டுடன் எங்கேனும் பேணப்பட்டிருந்தால், இழந்த மரபைப் பேரப்பிள்ளைகள் மீண்டும் கண்டறிய அஃது ஒரு வழியாகும். சீட்டு இல்லையேல் அது விலைமதிப்புள்ள இரும்பு மட்டுமே.

பிறந்த ஊரைவிட்டுப் பிறமாநிலங்களில் வாழும் நமக்கு இது விளங்காத செய்தியன்று. நம்முடன் வந்த குத்துவிளக்கும் வெற்றிலைச் செல்லமும் எவ்வூரில் யார் செய்தவை என்று நம் பிள்ளைகள் கேட்கும் நாள் வரும். அதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வைப்போமாக.