அங்கே என்ன வேலை பார்த்தீங்க?



பெரம்பலூர், அரியலூர் பக்கத்து ஊர்களில் வளைகுடாவிலிருந்து ஒருவர் லீவில் வந்து இறங்கினால், ஊர் கேட்கும் கேள்விகள் நமக்கெல்லாம் மனப்பாடம். "எப்ப வந்தீங்க மாமா?" "எத்தனை மாசம் லீவு?" "மறுபடி எப்ப பயணம்?" கொஞ்சம் உரிமை உள்ளவர்கள் சம்பளத்தையும் கேட்பார்கள். "அங்கே என்ன வேலை பார்க்கறீங்க?" என்று மட்டும் அநேகமாக யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் "கம்பெனி வேலைதாம்ப்பா" என்று பதில் வரும். பேச்சு மழைக்கும் மக்காச்சோள விலைக்கும் போய்விடும்.

சவூதி அரேபியாவின் கிழக்கு மாகாணத்தில், எண்ணெய் வயல்களை ஒட்டிய ஆலைகளில் பைப் ஃபிட்டராகப் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். வந்த பணத்தில் கட்டிய வீடு எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. அந்தப் பணம் எந்தக் கைத்தொழிலில் வந்தது என்பது வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியவில்லை. அதனால் இன்று அந்த வேலையைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

வெள்ளாற்றங்கரை லப்பைக்குடிக்காட்டுக்கும் வி.களத்தூருக்கும் கடல் கடந்த பிழைப்பு புதிதல்ல. செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம், குன்னம் பக்கத்து ஆட்கள் பின்னால் சேர்ந்துகொண்டோம். எங்களுடையது மானாவாரி பூமி. பருத்தி, சோளம், முந்திரி, எல்லாமே வானம் பார்த்தவை. ஜெயங்கொண்டம் பக்கம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கென்று 1990களில் நிலம் எடுத்தார்கள். திட்டம் வரவில்லை. சுற்றிலும் சிமெண்ட் ஆலைகள் இருந்தும் எல்லோருக்கும் அங்கே இடம் கிடைக்கவில்லை. ஐ.டி.ஐ. முடித்த பையனுக்கு மிஞ்சியது ட்ரேடு டெஸ்ட்டும் பாஸ்போர்ட்டும்தான். ஏஜெண்டுக்குக் கொடுக்க அம்மாவின் நகை அடகுக்கடைக்குப் போகும். இது வீட்டுக்கு வீடு நடந்த கதை, நீட்ட வேண்டியதில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்த இடத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1933இல் ஓர் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி சவூதி மன்னரிடம் உரிமை பெற்றுத் தோண்ட ஆரம்பித்தது. முதல் கிணறுகள் கைவிரித்தன. 1938 மார்ச்சில், தம்மாமில் ஏழாவது கிணற்றில் எண்ணெய் பெருகி வந்தது. பத்து வருஷம் கழித்து, 1948இல், கவார் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 280 கிலோமீட்டர். சென்னையில் பஸ் ஏறிப் பெரம்பலூரில் இறங்கும் தூரம், அவ்வளவும் ஒரே எண்ணெய் வயல்.

அந்த எண்ணெய் இருப்பது சுண்ணாம்புப் பாறையின் துளைகளில். சுமார் 15 கோடி வருஷத்துக்கு முன் கடலடியில் படிந்த பாறை அது. இதைக் கேட்டபோது எனக்கு மெய் சிலிர்த்தது. அரியலூர்க்காரனுக்குச் சுண்ணாம்புப் பாறை தெரியாதா? எங்கள் காட்டில் ஏர் ஓட்டினால் கல்லாகிப் போன சிப்பியும் நத்தையும் கொழுமுனையில் தட்டுப்படும். பெரம்பலூர் சாத்தனூரில், 1940இல் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம் இன்றும் கிடக்கிறது. கடல் வந்து போன பூமியில் பிறந்து, கடல் வந்து போன இன்னொரு பூமிக்குப் பிழைக்கப் போயிருக்கிறோம்.

அந்த எண்ணெய் ஊர்களில் இரண்டு உலகம் உண்டு. தஹ்ரானில் அமெரிக்கக் குடும்பங்களுக்கென்று கட்டிய குடியிருப்பில் புல்தரை, நீச்சல் குளம், சினிமா எல்லாம் இருந்தன. அந்த வாழ்க்கையை அங்கே வளர்ந்த பிள்ளைகள் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். இன்னொரு உலகத்தில் இருந்த உள்ளூர் அரபுத் தொழிலாளிகள் 1953இல் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். எண்ணெய் வந்து அரபு ஊர்கள் மாறிய கதையை அப்துர் ரஹ்மான் முனீஃப் நாவலாக எழுதினார். ஆட்டு மந்தையில் மாட்டிக்கொண்ட ஒரு மலையாளியின் கதையை பென்யாமின் 'ஆடு ஜீவித'த்தில் எழுதி, அது தமிழுக்கும் வந்துவிட்டது. எண்ணெய் ஆலைக்குள் பைப் பொருத்திய, வெல்டிங் அடித்த, சாரம் கட்டிய நம் ஊர்க்காரனைப் பற்றி நான் தேடிய வரையில் ஒரு புத்தகமும் அகப்படவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். சில வருஷத்துக்கு ஒரு முறை ஆலையின் ஒரு பகுதியை நிறுத்திச் சுத்தம் செய்து பழுது பார்ப்பார்கள். ஷட்டவுன் என்போம். அப்போது பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். முதல் காரியம், எந்தக் குழாயிலிருந்தும் வாயு உள்ளே வராதபடி குழாய் இணைப்புகளுக்கு நடுவே கனத்த இரும்புத் தகடு செருகி அடைப்பது. ஒரு தகடு விட்டுப்போனாலும் உள்ளே இறங்குபவன் உயிர் போய்விடும். ஆகவே எந்தத் தகடு எந்த இடத்தில் என்று பட்டியல் இருக்கும். செருகியவரும் சரிபார்த்தவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

நாங்கள் பயந்தது ஹைட்ரஜன் சல்பைடு வாயுவுக்கு. கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் நாற்றமே தெரியாது. மூக்கு உணர்வை அது கொன்றுவிடும். நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று நினைப்பவன் விழுந்துவிடுவான். காற்றைவிடக் கனமானதால் பள்ளத்தில்தான் தேங்கும். அதனால் வேலை தொடங்கும் முன்னே, உயரத்தில் பறக்கும் காற்றுப்பையைப் பார்த்துக் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மனதில் குறித்துக்கொள்வோம். அலாரம் அடித்தால் முதலில் காற்றுக்குக் குறுக்கே ஓட வேண்டும். பிறகு காற்றை எதிர்த்து, மேடான இடத்துக்குப் போக வேண்டும். முகமூடி முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும் என்பதால் தினமும் சவரம் செய்தாக வேண்டும். தாடி வைத்தவர்களுக்கு அந்த இடத்தில் வேலை கிடையாது.

பெரிய கலத்துக்குள் ஆள் இறங்கினால், அதன் வாசலில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஹோல் வாட்ச் என்று அந்த வேலைக்குப் பெயர். யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், எப்போது வெளியே வந்தார் என்று எழுதுவதும், உள்ளே இருப்பவரோடு விடாமல் பேசிக்கொண்டிருப்பதும்தான் அவர் பொறுப்பு. வாசலை விட்டு ஒண்ணுக்குப் போகவும் நகரக் கூடாது. மாற்றாள் வந்தால்தான் எழுந்திருக்கலாம். எங்கள் குழுவில் அந்த வேலையில் இருந்த ஓர் அண்ணன் குன்னம் பக்கத்துக்காரர். அதிகம் படிக்காதவர். உள்ளே இருந்த எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். பதில் வரக் கொஞ்சம் தாமதமானாலும் குரல் மாறிவிடும். அவர் வீட்டில் இன்றும் "அப்பா அங்கே வாட்ச்மேன் வேலை பார்த்தார்" என்றுதான் சொல்கிறார்கள். கேட்கும்போது மனசு பொறுக்கவில்லை. அத்தனை பேர் உயிரும் அவர் காதில் இருந்தது.

என் வேலை ஃபிளாஞ்சு பொருத்துவது, அதாவது குழாயும் குழாயும் சேரும் இடத்தை போல்ட் போட்டு இறுக்குவது. வட்டமாக வரிசையில் இறுக்கினால் நடுவே உள்ள கேஸ்கட் ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் வாய் திறந்துகொள்ளும். லாரிச் சக்கரத்துக்கு நட்டு முறுக்குவதுபோல எதிரும் புதிருமாக இறுக்க வேண்டும். முதல் சுற்றில் முழு இறுக்கம் கூடாது. மூன்றில் ஒரு பங்கு, பிறகு மூன்றில் இரண்டு பங்கு, அதன்பிறகே முழு அளவு. கடைசியில் வரிசையாக ஒரு சுற்று. ஜூலை மாசத்தில், கடலோர ஈரப்புழுக்கத்தில், மேலிருந்து கீழ்வரை மூடும் கவரால் உடுப்பு உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும்போது இந்த ஒழுங்கு தவறாமல் செய்வது லேசுப்பட்ட காரியமல்ல. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை வெட்டவெளி வேலை கூடாது என்று இப்போது அங்கே விதி இருக்கிறது. நாங்கள் போன காலத்தில் அந்த நிழல் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். போன் வசதி இல்லாத காலத்தில் கேசட்டில் பேசி அனுப்புவோம். ஊரிலிருந்து வரும் கேசட்டில் அம்மாவின் பேச்சோடு கோழி கூவுவதும், தெருவில் யாரோ யாரையோ அதட்டுவதும் சேர்ந்து வரும். மாடு கன்று போட்டது, பருத்தி என்ன விலை போனது, தங்கச்சிக்கு வரன் வந்தது, ஒன்று விடாமல் சொல்வார்கள். அறையில் இருக்கும் எட்டுப் பேரும் சேர்ந்து கேட்போம். எங்கள் முறை வரும்போது "நான் நல்லா இருக்கேன், சாப்பாடு நல்லா இருக்கு, வேலை ஒண்ணும் கஷ்டமில்லை" என்பதைத் தாண்டிப் பேச வராது. விஷ வாயு என்று சொன்னால் அந்த மனுஷி தூங்குவாளா? அவர்கள் பயப்படக் கூடாது என்று அன்றைக்குப் பேசாமல் விட்டோம். அது பழகிப்போய், ஊருக்குத் திரும்பி வருஷங்கள் ஆன பிறகும் வாய் திறப்பதில்லை.

அந்த மௌனத்துக்கு விலை உண்டு. வேலையின் தன்மை தெரியாத குடும்பம், ஏதாவது நேர்ந்துவிட்டால் எங்கே போய் எதைக் கேட்பது என்று தெரியாமல் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனுவோடு நிற்கிறது. வேலை முடிந்து கிளம்பும்போது சேரவேண்டிய சர்வீஸ் பணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சவூதி தொழிலாளர் சட்டப்படி, முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் ஒன்றுக்கு அரை மாசச் சம்பளம், அதற்குமேல் வருஷத்துக்கு ஒரு மாசச் சம்பளம் சேரும். தானாக ராஜினாமா செய்தால், பத்து வருஷம் ஆகும்வரை இது குறையும். இந்தக் கணக்குத் தெரியாமல், கொடுத்ததை வாங்கிக்கொண்டு விமானம் ஏறியவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். போட்ட ஒப்பந்தத்தின் நகல் வீட்டில் ஒருவரிடமாவது இருந்தால் கேட்க முடியும்.

எனவே நேயர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படித் திரும்பி வந்த ஒருவர் இருந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள். எந்த ஊர் ஆலை, எத்தனை அங்குலக் குழாய், கூட வேலை பார்த்தவர்கள் யார், அவர்கள் எந்த ஊர் என்று கேளுங்கள். முதலில் "அது கிடக்குது விடுப்பா" என்பார். விடாதீர்கள். பேச ஆரம்பித்தால் கை தானாக எழுந்து இறுக்கிக் காட்டும். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பரணில் பழைய கேசட் இருந்தால் பூசணம் பிடிக்கும் முன் எடுத்து, பிரதி எடுத்து வையுங்கள்.

நம் இரண்டு மாவட்டத்து ஐ.டி.ஐ. முதல்வர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களிடம் படிக்கும் பையன்களில் பலர் நாளைக்கு அதே ஆலைகளுக்குத்தான் போகப் போகிறார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம், திரும்பி வந்த ஃபிட்டரையோ, பளு தூக்கி இறக்கும் ரிக்கரையோ, சாரம் கட்டியவரையோ வகுப்புக்குக் கூப்பிடுங்கள். காற்றுப்பையை எப்படிப் பார்ப்பது, எதில் கையெழுத்துப் போடுவது, எதில் போடக் கூடாது என்பதை அவர்கள் சொல்லித்தருவார்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன்.